பின்னறையில் யாரும் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் உன் அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்திக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல். அப்பாவின் தோள்வலி குறைந்திருக்கிறது, லாரிகளை எடை போடுகிற அவருடைய எடைமேடையில் இப்போது கைப்பிடியை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்துவிட்டார்களாம், அதனால் தோளுக்கு ஓய்வு, ஆனால் அந்தப் பொத்தானை நம்பாமல் எடைச்சீட்டு ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்க்கிறார், லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உன் மாமா மகளுக்கு மறுபடியும் ஆண் குழந்தை, மூன்றும் ஆண், அந்த வீட்டில் உடையாத சாமான் ஒன்று பாக்கியில்லை. போன வாரம் போனில், என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, போனில் சொன்னால் நீ நடுவிலேயே பரவாயில்லைம்மா விடுங்க என்று சொல்லிவிடுவாய், நானும் சரி என்று மிச்சத்தை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். இதுவரை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், மூன்றிலும் என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று படித்துப் பார்த்தபோது தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தையல் சித்தியைப் பற்றித்தான். அவள் வீட்டுக்காரர் பஸ் சித்தப்பாவுக்குப் பார்வை மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள் என்று போன வருஷமே உனக்கு எழுதியிருந்தேன். அதிலிருந்து அந்தக் குடும்பம் சித்தியின் தையல் மிஷின் ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது, அவளுக்கும் கட்டைவிரல் மூட்டு வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் தவிக்கிறாள். நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் நாடா மாதிரி நீளமாகக் கிடக்கிறதே அவர்களுடைய கல்லு நிலம், அதை ஒரு சோலார் கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷக் குத்தகைக்கு விடப் பேசியிருக்கிறார்கள். புல் கூட நினைத்தால்தான் முளைக்கிற நிலம், அதில் வெயிலை அறுவடை செய்து கரண்டாக்குகிறோம் என்று ஒருவன் வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், தெருமுனை மின்கம்பத்தில் நகர மன்றம் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத் தெரிந்தது. இன்ன நிலத்தில் சூரிய மின் பண்ணை அமைக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று போட்டிருந்தது. கையில் பையோடு நின்று இரண்டு தடவை படித்தேன். இருபது வருஷமாக ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஊசி தொலைந்தாலும் என்னிடம் வந்து சொல்கிறவள் இதை மட்டும் கம்பத்தில் ஒட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. அவளுக்கு நல்லது நடக்கப்போகிறதே என்று எரிந்ததா, என்னிடம் சொல்லவில்லையே என்று எரிந்ததா என்று நீ கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஊரில் நாலு பேரைப் போல நானும், கண்ணாடி மின்னிக் கண் கூசும், வீட்டில் சூடு ஏறும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நான் நம்பவில்லை.

மறுநாளே நகர மன்றத்துக்குப் போய் விதிப்புத்தகம் வாங்கி வந்தேன், அறுபத்து நான்கு பக்கம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தே நாளில் முடித்துவிட்டேன், அதில் எனக்குப் பெருமை வேறு. ஊரையே துண்டு துண்டாகப் பிரித்து, இது குடியிருக்க, இது தொழிற்சாலைக்கு, இது விவசாயத்துக்கு என்று நிறம் அடித்து வைத்திருக்கிறார்கள், விவசாயப் பகுதியில் சோலார் போடுவதென்றால் தனி அனுமதி வேண்டும், வேலி எத்தனை உயரம், வேலி ஓரம் என்ன செடி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. சித்தி வீட்டு விண்ணப்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குறை தேடித் தேடி நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தேன். மனிதர் வசிக்கும் கட்டடத்தின் சுவரிலிருந்து நூறு மீட்டர் தள்ளித்தான் முதல் பேனல் வர வேண்டும், நிலத்துக்காரர் வீட்டுக்கு மட்டும் விலக்கு, சாமான் அறையும் கொட்டகையும் கணக்கில் வராது. நம் வீட்டுச் சுவரிலிருந்து நூற்று நான்கு மீட்டர் விட்டிருந்தார்கள், சரியாகத்தான் இருந்தது. ஆனால் முற்றத்தின் கோடியில் இருக்கிற பின்னறையிலிருந்து அளந்தால் எண்பத்து மூன்றுதான் வரும். வரைபடத்தில் அதைச் சாமான் அறை என்று குறித்திருந்தார்கள். அது சாமான் அறைதான். நீ படிக்கிற காலத்தில் வீட்டில் சத்தம் என்று கட்டிலைத் தூக்கி அங்கே போட்டுக்கொண்டாய், நீ வேலைக்குப் போன பிறகு மறுபடியும் சாமான் ஏறிவிட்டது, மூன்று வருஷத்துக்கு முன் நீ வந்து பதினோரு நாள் தங்கியபோது கூட முன்னறையில்தான் படுத்தாய். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவள் கட்டில் அங்கே இருக்கிறது, அவள் புத்தகம் அங்கே இருக்கிறது, அப்படியானால் அவளும் அங்கே இருக்கிற மாதிரிதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டேன்.

உன் அப்பா வேலைக்குப் போன இரண்டு பகலில் பின்னறைப் பெட்டிகளை எல்லாம் மாடிப்படிக்குக் கீழே மாற்றினேன், கட்டிலைத் துடைத்து விரிப்புப் போட்டேன். ஜன்னலுக்குத் திரை இருந்தால் ஆள் இருக்கிற அறை மாதிரி தெரியும் என்று நீலத் துணி வாங்கி, தைக்க யாரிடம் கொடுத்தேன் தெரியுமா, அவளிடமே கொடுத்தேன். இந்த வரியை எழுதத்தான் மூன்று கடிதம் கிழிந்தது. துணியை அளந்துகொண்டே எந்த ஜன்னலுக்கு என்று கேட்டாள், பின்னறைக்கு என்றேன், அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, "பாப்பா வர்றாளா அக்கா?" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தேன். வீங்கின விரலோடு ஓரம் மடித்துத் தைத்ததும் போதாமல், நான் கேட்காமலே கீழ்ப்பக்கம் ஒரு வரிசை சின்னச் சின்ன இலையாகப் போட்டு, கூலி வேண்டாம் அக்கா, அவளுக்கு நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்தத் திரையை மாட்டிய மூன்றாம் நாள் அவளுடைய விண்ணப்பத்துக்கு எதிராக ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை நகர மன்றக் கூடத்தில் நடந்தது. திட்ட அலுவலகத்துப் பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், வரைபடத்தைச் சுவரில் காட்டி, அம்மா குறிப்பிடுகிற அறையில் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டாள். என் மகள் என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை. முன்வரிசையில் இருந்த சித்தி திரும்பிப் பார்த்தாள், கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை, நான் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இதோ திருத்திக்கொள்வேன் என்பது போலக் காத்திருந்தாள். உன் அப்பா என் பக்கத்து நாற்காலியில் தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எப்போதும் இங்கேதான் இருக்கிறாரா என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள், வேலை விஷயமாகப் போய்வருவாள், ஆனால் இருப்பு இங்கேதான் என்றேன். ஆதாரம் ஏதாவது உண்டா என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே மன்றத் தலைவர், "அந்த அம்மா தினக்குறிப்பு நோட்டு வெச்சிருப்பாங்க, அதுல இருந்தா அப்புறம் பேச்சே இல்லை," என்றார். குழாய்த் தகராறு வந்தபோது எந்தெந்த நாள் தண்ணீர் வரவில்லை என்று என் நோட்டைப் பார்த்துத்தானே முடிவு செய்தார்கள், அந்த மதிப்பு. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இருபத்தாறு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதிச் சேர்த்த பெயர் அது, அதை எதற்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன் பார்.

என் நோட்டை நீ அறிவாய். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு, பால் எவ்வளவு, முட்டை எத்தனை, மழை உண்டா, கரண்ட் போனதா, யார் வந்தார்கள். நீ போனதிலிருந்து தட்டு என்கிற இடத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு என்றுதான் இறங்கிக்கொண்டே போகிறது. அதை அடித்துத் திருத்த எனக்கு மனது வரவில்லை, அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்பதுதானே என் பெருமை. அதனால் அதே மாதிரி புது நோட்டு ஒன்று வாங்கி, இந்த வருஷத்து முதல் தேதியிலிருந்து எழுபத்தொரு நாளையும் திரும்ப எழுதினேன். பழையதில் நடுவில் பேனா தீர்ந்து வேறு மை வந்திருக்கும், புதியதிலும் அந்த இடத்தில் பேனாவை மாற்றினேன். தட்டு மட்டும் மூன்று. மற்றது ஒன்றையும் தொடவில்லை, வாங்காத பாலை வாங்கியதாக எழுத எனக்குக் கை வரவில்லை, ஒரே ஒரு எண்தானே பொய், மிச்சமெல்லாம் உண்மை, ஆக இது சின்னப் பொய் என்று எனக்கு நியாயம் வேறு. இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மூன்று என்று ஒவ்வொரு நாளும் எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செவ்வாய், மழை, மூன்று. புதன், கரண்ட் இல்லை, மூன்று. நீ உள்ளே இருந்து கூப்பிடுவாய் போல இருந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கிற காரியத்தை உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் ஒரு பகல் முழுக்க அந்தச் சந்தோஷத்தில் எழுதினேன்.

நோட்டைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள், பின்னறை வசிப்பிடம்தான் என்று எழுதி அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். நூறு மீட்டர் விட வேண்டுமென்றால் பேனல் ஐந்து வரிசை குறைகிறது, நிலமே ஒல்லி, அதில் ஐந்து வரிசை போனால் மின்நிலையம் வரைக்கும் கம்பி இழுக்கிற செலவுக்குக் கட்டாது, இந்த மாதக் கடைசிக்குள் பழைய வரைபடத்துக்கே அனுமதி வராவிட்டால் வேறு நிலம் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். பத்து நாளில் பக்கத்து வீட்டு வாசலில் வீடு விற்பனைக்கு என்று பலகை மாட்டிவிட்டார்கள். மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடப் போகிறார்கள், அங்கே தையல் மிஷினுக்கு இடம் கிடையாதாம். இதெல்லாம் எனக்கு நேராக யாரும் சொல்லவில்லை, கடையில் நிற்கும்போது பின்னால் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. தினமும் பிரார்த்தனையில் நம் வீட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் வீட்டைச் சொல்லி வேண்டுவேன் என்று உனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர்கள் முறை வந்ததும் சட்டென்று தாண்டி உன் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முணுமுணுத்து எழுந்துவிடுவேன், வகுப்பில் வாத்தியார் கண்ணில் படாமல் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை மாதிரி. கடவுளிடமே ஒளிந்து விளையாடிப் பார்த்தேன்.

போன திங்கட்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். பின்வாசலில் நின்றாள், உட்காரு என்றேன், உட்காரவில்லை. கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது, அதன்படி போய் என் நோட்டின் நகலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை, வழக்கம் போலத்தான் பேசினாள். "ரெண்டு பேருக்கும் அரை லிட்டர் பால்தான், மூணு பேருக்கும் அதே அரை லிட்டர்தானா அக்கா? பிள்ளையைப் பட்டினி போட்டுட்டீங்களே," என்றாள். அலுவலகத்தில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன், பார், அப்போதும் எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. "இருபது வருஷமா உங்க நோட்டைப் பார்த்துத்தான் என் வீட்டுத் தேதியையே சரி பண்ணிக்கிறேன். அது பொய்னு என் வாயால எப்படிச் சொல்றது," என்றாள். அதற்கு மேலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், விடாமல், என்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா என்று கேட்டுவிட்டேன். அவள் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். அறிவிப்பு ஒட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே பஸ் சித்தப்பா எடைமேடைக்கு நடந்தே போய் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், அக்காவுக்கு ஏதாவது மனக்குறை இருந்தால் விண்ணப்பமே போடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார், உன் அப்பா, அவளுக்கு என்ன குறை, சந்தோஷப்படுவாள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, வரேன்க்கா என்று போய்விட்டாள்.

அப்பா வந்ததும் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சொன்னா நீ சண்டைக்குப் போவேன்னு பயந்தேன். நீ சண்டையே போடாம வேலையை முடிச்சுட்ட," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை இப்படிச் சொன்னதில்லை. கூடத்தில் நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், அவரும் அதைத்தான் தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நீ அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. அவர் சொல்ல மறந்ததோ மறைத்ததோ ஒரு பங்கு என்றால், மற்றதெல்லாம் என் கைவேலை, அவர் சொல்லியிருந்தாலும் நான் குறை கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனேன். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், அங்கே ஒரே ஒரு ஜன்னல்தான், எனக்குப் பின்னால் கடை உரிமம் புதுப்பிக்க வந்தவர்கள் ஐந்தாறு பேர். மெதுவாகச் சொன்னேன். விசாரணையில் கேள்வி கேட்ட அதே பெண், ஃபேன் சத்தத்துல கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க என்றாள். சத்தமாகச் சொன்னேன், அந்த அறையில என் மக இல்லை, நான் பொய் சொன்னேன், நோட்டையும் பொய்யா எழுதிக் கொடுத்தேன் என்று. பின்னால் யாரோ ஒருவர் இருமினார். அவள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள், பேனா மாறின இடத்தில் விரல் நின்றது, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன், இப்போதே அனுமதியைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "ஏற்கனவே ஒரு தடவை உங்க வார்த்தையை நம்பிட்டோம்மா," என்றாள். குத்திக் காட்டுகிற குரலில் இல்லை, விதியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றாலும் அந்த அறை வசிப்பிடம் என்று கோப்பில் ஏறிவிட்டது, இனி அதை நீக்க வேண்டுமானால் வசிப்பதாகச் சொல்லப்பட்ட ஆளே, அதாவது நீயே, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். பொய் வாக்குமூலத்துக்கு அபராதம் வரலாம் என்றும் சொன்னாள், வரட்டும் என்றேன். திரும்பும்போது சித்தி வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். சரிக்கா என்றாள். மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் எதிர்பார்த்தேன்.

ஆக, அந்த அலுவலகத்திலிருந்து உனக்கு ஒரு படிவம் வரும், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்தாலும் வந்திருக்கும், அதனால்தான் இவ்வளவு அவசரம். நீ லிஃப்ட்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள், உன் கையெழுத்தை நம்பித்தான் முன்பின் தெரியாத மனிதர்கள் அதில் ஏறுகிறார்கள், அந்தக் கையெழுத்தை நான் என் பொய்க்குச் சாட்சியாக இழுத்து வைத்துவிட்டேன், கேட்காமலே. அம்மா பெயர் கெட்டுவிடுமே என்று நீ ஏதாவது பூசி மெழுகி எழுதுவாயோ என்றுதான் எனக்குப் பயம். வேண்டாம். என் பெயர் கெட வேண்டிய அளவுக்குக் கெட்டுவிட்டது, கடைக்காரரே போன வாரம் சில்லறையை என் முன்னால் இரண்டு தடவை எண்ணினார். படிவத்தில் மூன்று கேள்வி. இந்த முகவரியில் இப்போது வசிக்கிறீர்களா, கடைசியாக எப்போது வசித்தீர்கள், இந்த இரண்டுக்கும் யோசிக்க ஒன்றுமில்லை, உள்ளதை எழுது. வந்து தங்கிய பதினோரு நாளைச் சேர்க்காதே, அது விருந்தாளியாக வந்தது. மூன்றாவது கேள்வி, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இந்த முகவரியில் வந்து வசிக்கிற எண்ணம் உண்டா என்பது. உண்டு என்று எழுதினால் அந்த அறை வசிப்பிடமாகவே இருக்கும், அவர்களுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பெண் இதைப் படித்துக் காட்டியபோது, அவ்வளவு பேர் முன்னால் மானம் போய் நின்றுகொண்டிருக்கிற அந்த நிலையிலும், ஒரு நொடி என் மனது நீ உண்டு என்று எழுத மாட்டாயா என்று ஆசைப்பட்டது. வேறு எதற்கும் இல்லை, நீ அப்படி எழுதினதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான். நீ போன இந்த எட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்டதில்லை, பதில் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. இப்போது சர்க்கார் காகிதம் எனக்காகக் கேட்கிறது, பதிலின் நகல் ஆட்சேபம் கொடுத்தவள் என்கிற முறையில் எனக்கும் வருமாம். வரட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ ஏறி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் உன் காலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கட்டும், என் தப்பு எதுவும் உன் பக்கம் வந்து சேராமல் இருக்கட்டும். குளிர்க்காலத்துக்கு நல்ல காலணி வாங்கு, பழசையே ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்காதே. படிவம் இந்த மாதம் இருபத்து நான்காம் தேதிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அதனால் வந்த அன்றைக்கே நிரப்பி, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பு. அந்த மூன்றாவது கேள்விக்கு உன் மனதில் உள்ள பதில் இல்லை என்பதுதானே, அப்படியானால் இல்லை என்றே எழுது. என்னை நினைத்துக்கொண்டு, இப்போதைக்கு இல்லை என்று எழுதிவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா